நண்டுக்குக் கால் பத்து

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் கால் எண்ணும் புதிருக்கு விடை போட்டிருந்தீர்கள். எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. சரி. அடுத்த வரி, ‘நண்டுக்கும் எட்டு.’ கையிலிருந்த காபி ஆறியே போனது.

கடலூர் முதுநகரில் பிறந்து, அஞ்சு வயசிலிருந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நண்டு ஆய்ந்தவள் நான். முதலில் கொடுக்கை ஒடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் தப்பாது. அந்தக் கொடுக்கு இரண்டும் கால் கணக்கில்தான் சேரும். மீதி நாலு ஜோடி. நீலக்கால் நண்டுக்குக் கடைசி ஜோடி துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும், நீந்துவதற்கு. மொத்தம் பத்து. இறாலும் இதே பத்துக்கால் கூட்டம் என்பது பத்திரிகை நடத்துகிற உங்களுக்குத் தெரியாததா!

ஒருவேளை உங்கள் ஆள் ஏலத்தில் ஒதுக்கிப்போட்ட கால் போன நண்டை எண்ணினாரோ என்னவோ. அதற்குக்கூட பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு மாற்றும்போது போன கால் முளைத்துவிடும்.

என் பேத்தி பத்து என்று எழுதி அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் உங்கள் பக்கத்தை வெட்டிப் பலகையில் ஒட்டிவிட்டார்களாம். ‘பேப்பர்லயே போட்டிருக்கு ஆயா, நீ சொன்னதுதான் தப்பு’ என்கிறாள். அறுபது வருஷம் நண்டு ஆய்ந்த கைக்கு இந்த மரியாதை.

அதே பக்கத்தில் பூரானுக்கு நூறு கால் வேறு. மழைக்கு வீட்டுக்குள் வந்த ஒன்றை அடித்து, உங்கள் தாள் மேலேயே போட்டு, ஊசி முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினோம். இந்தப் பக்கம் 21, அந்தப் பக்கம் 21. பூரானுக்குக் கால் ஜோடி எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்குமாம், பிறகு ஐம்பது ஜோடி, சரியாக நூறு கால் எப்படி வரும்? ஆயிரத்தைத் தாண்டுவதெல்லாம் மரவட்டையில்தான். 2021-இல் ஆஸ்திரேலியாவில் 1306 கால் உள்ள ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதோ இருக்கிற பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நண்டைப் பற்றி அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

எங்கள் ஊர் என்றால் உங்களுக்கு எப்போதும் இளப்பம்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்க, உங்கள் முதல் பக்கத்தில் புதுச்சேரிக் கடற்கரைப் படம். அப்போதும் எழுதினேன், போடவில்லை. அப்புறம் ஒரு தரம் சங்கரா மீன் படத்தைப் போட்டு ‘வஞ்சிரம்’ என்றீர்கள். சிவப்பும் வெள்ளியும்கூடவா தெரியாது? அதற்கு எழுதியதும் வரவில்லை.

பரிசாகச் சொன்ன வண்ணப் பென்சில் பெட்டி எங்களுக்கு வேண்டாம். அதே சிறுவர் பக்கத்தில், அதே எழுத்து அளவில், ‘நண்டுக்குக் கால் பத்து’ என்று ஒரு வரி போடுங்கள். இரங்கல் விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம். நம்பிக்கை இல்லையென்றால் விடியற்காலை துறைமுகத்துக்கு ஆள் அனுப்புங்கள், எண்ணிக் காட்டுகிறேன். பயப்பட வேண்டாம், கொடுக்கைக் கட்டியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கடலூர் முதுநகர்