அப்பாவின் லாக்புக்கும் பேரேடும் வயலினும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் வாசிக்கும் கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தொழிலில் நேர்மையானவர், கடலை நேசித்தவர், இசைப் பிரியர் என்று எழுதினால் பாதிப் பேருக்குப் பொருந்தும். அப்பா கைப்பட எழுதியவை மூன்று இருக்கின்றன: படகின் லாக்புக் (பயணக் குறிப்பேடு), நிறுவனத்தின் நாள்வழியும் (தினசரி வரவு செலவுக் குறிப்பு) பேரேடும் (கணக்குவாரியான புத்தகம்), வயலின் நோட்டுகளில், அதாவது அச்சிட்ட இசைத்தாள்களில், பென்சில் குறிகள். மூன்றையும் தேதி வரிசையில் ஒரே தாளில் மூன்று நெடுவரிசைகளாக எழுதிப் பாருங்கள். கட்டுரைக்கு வேண்டியது அதில் கிடைக்கும்.

முதலில் லாக்புக். நேரம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம், எந்தப் பாய் ஏறியது, எது இறங்கியது என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். வேகம் நாட் கணக்கில். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். காற்றுக்குப் பக்கத்தில் 4, 5, 6 என்று ஒற்றை எண் இருந்தால் அது காற்றின் வலிமையை எண்ணால் சொல்லும் போஃபோர்ட் அளவு. 6 என்றால் 22 முதல் 27 நாட் காற்று. சின்னப் படகுக்குப் பாயைச் சுருக்கியே ஆக வேண்டிய நிலை. எந்த எண்ணில் அவர் பாயைச் சுருக்கினார் என்று வருடவாரியாகப் பாருங்கள். இளம் வயதில் 6 வரை பொறுத்திருந்தவர் பிற்காலத்தில் 4-லேயே சுருக்கியிருந்தால், அந்த மாற்றம் ஒரு பத்தி எழுதத் தகுந்தது. காற்றழுத்தத்தை வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை குறிப்பவர் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்திருந்தால் அந்த இரவு தூங்கவில்லை என்று பொருள். 3 மணி நேரத்தில் 6 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அலகு) மேல் இறங்கினால் அது மிக வேகமான வீழ்ச்சி, மோசமான வானிலைக்கு அறிகுறி. பழைய பக்கங்களில் மில்லிபார் என்றிருக்கும், அளவு ஒன்றேதான்.

இடத்தை வரைபடத்தில் குறிக்கும்போது கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு பிழை செய்கிறார்கள். லாக்புக்கில் அட்சரேகை 40°30′ என்பது 40 பாகை 30 நிமிடம். அதை ஃபோனில் 40.30 என்று தட்டினால் 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி விழும்; படகு மலைமேல் ஏறி நிற்கும். நிமிடத்தை 60-ஆல் வகுத்து 40.50 என்று தட்டுங்கள். நேரம் உள்ளூர் நேரமா, யூடிசியா (உலகப் பொது நேரம்) என்பது முதல் பக்கத்திலோ பயணத் தொடக்கத்திலோ எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் நாள்வழியோடு ஒப்பிட்டால் தேதியே ஒரு நாள் மாறிப்போகலாம்.

நாள்வழியில் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த தேதி, அவர் தனக்கெனப் பணம் எடுத்துக்கொண்ட தேதி, இந்த இரண்டு மட்டும் போதும். நெருக்கடியான மாதங்களில் எது முந்தியது என்பதைப் பாருங்கள். ஐந்தொகை (சொத்து, கடன் அறிக்கை) முடிக்கும் வாரங்களில் லாக்புக் வெறுமையாக இருக்கும், அது இயல்பு. வேறு மாதங்களில் வெறுமையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் பேரேட்டில் கிடைக்கும்.

வயலின் நோட்டுகளில் அச்சிட்டதைவிடப் பென்சில் குறிகளே முக்கியம். ஆங்கில ‘வி’ போன்ற குறி வில்லை மேலே தள்ளுவது, அடிப்பக்கம் திறந்த சிறு பெட்டி கீழே இழுப்பது. 1 முதல் 4 வரை விரல்கள், 0 என்றால் விரல் வைக்காத தந்தி. ஒரே இடத்தில் விரல் எண்ணை அடித்து அடித்து மாற்றியிருந்தால் அங்கேதான் அவர் திணறியிருக்கிறார். ஸ்கேன் செய்யும்போது கறுப்பு-வெள்ளை முறையைத் தொடாதீர்கள். மெல்லிய பென்சில் கோடு வெள்ளையாகவே மறைந்துவிடும். கலரில், 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்). கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம், பசை பழுத்துத் தாளைக் கறையாக்கும்.

அவர் வாசித்துப் பதிந்த கேசட்டுகளின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களை இன்றே உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிவாகாது. ஸ்பூல் டேப் கிறீச்சிட்டுப் பழுப்புப் பொடி உதிர்த்தால் உடனே நிறுத்துங்கள். ஈரத்தை உறிஞ்சிப் பசை இளகியிருக்கிறது. தொடர்ந்து ஓட்டினால் பதிவே உரிந்து போகும். குறைந்த சூட்டில் பல மணி நேரம் உலர்த்தித்தான் மாற்ற வேண்டும், அது வீட்டு அடுப்பில் செய்யும் வேலை இல்லை.

வயலினின் தந்திகளைத் தளர்த்தி வைக்கச் சிலர் சொல்வார்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் தளர்த்தாதீர்கள். உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி ஒட்டப்பட்டதல்ல, அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. அழுத்தம் போனால் சாயும், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டும் விழும். அரை சுரம் இறக்கினால் போதும். வில்லின் முடியை மட்டும் முழுக்கத் தளர்த்துங்கள். பெட்டியை மாதம் ஒருமுறையாவது திறந்து வெளிச்சம் காட்டுங்கள். மூடியே கிடந்தால் பூச்சி முடியை அரித்துவிடும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

படகின் பாய்களை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். வாஷிங் மெஷின் கூடாது, துணியின் விறைப்பு போய்விடும். பாயின் ஓரத்தில் அவர் கையால் போட்ட தையல் இருந்தால் பிரிக்க வேண்டாம், படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயணத்தில் கிழிந்தது என்று லாக்புக்கில் தேடலாம். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதைக் கூட்டம் முடிந்து பேசுவோம். அதுவரை படகுக்குள் கடல்நீர் வரும் வால்வுகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள், அடித்தட்டில் தேங்கும் நீரை வெளியேற்றும் பம்புக்கான பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்றும் யாரையாவது வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அப்பாவின் படகுத் தோழன்