சந்தா எடுக்குமுன் இதைப் படித்துவிடு

அன்பு மகனுக்கு,

நின்டெண்டோவின் புது விளையாட்டுக் கன்சோல் ஸ்விட்ச் 2 வாங்கியாகிவிட்டது, அதில் நம் பழைய விளையாட்டெல்லாம் வரிசையாக இருக்கிறது, சந்தா எடுத்துவிடட்டுமா என்று போனில் கேட்டாய். எடு என்றேன். ஆனால் ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது. நீயும் அக்காவும் வளர்ந்த காலம் முழுக்க அந்தக் கேசட்டுகளோடு போனது. நானும் உங்களோடு உட்கார்ந்து ஆடியவள். இப்போது பேத்தி கையில் கன்ட்ரோலரைக் கொடுக்கப்போகிறாய். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

சந்தா என்பது வாடகை. அதில் தப்பொன்றும் இல்லை, வாடகை என்று தெரிந்து எடுத்தால் போதும். நின்டெண்டோ இந்த ஏற்பாட்டை 2018 செப்டம்பரில் என்.இ.எஸ். என்ற தன் பழைய கன்சோலின் விளையாட்டுகளோடு ஆரம்பித்தது. அடுத்த வருடம் சூப்பர் நின்டெண்டோ சேர்ந்தது. 2021 அக்டோபரில் நின்டெண்டோ 64-ம் சேகா நிறுவனத்தின் பழைய விளையாட்டுகளும் வந்தன, ஆனால் அவற்றுக்குக் கூடுதல் சந்தா. 2023-ல் கேம் பாய். உன்னிடம் இருக்கும் ஸ்விட்ச் 2-க்கென்று 2025-ல் கேம்கியூபும். கணக்குப் பார்த்தால் நூற்றுக்கும் மேல். ஆனால் அதில் ஒன்றைக்கூடத் தனியாக விலைகொடுத்து உன்னுடையதாக்கிக்கொள்ள அங்கே வழி இல்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது கன்சோல் இணையத்தோடு பேசி, உன் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும். சந்தா தீர்ந்த அன்று, இறக்கி வைத்திருந்தாலும் எதுவும் திறக்காது.

அதனால் நான் சொல்வது இதுதான்: சந்தாவை ருசி பார்க்க வைத்துக்கொள். எது உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப ஆடப்படுகிறதோ, அது தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடி வாங்கி இறக்கிவிடு. நிறைய வேண்டாம். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு போதும்.

தனியாக வாங்கக் கிடைப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது ஹாம்ஸ்டர் என்ற ஜப்பானிய நிறுவனம் வெளியிடும் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசை. காசு போட்டு நின்றபடி ஆடும் பெரிய பெட்டி இயந்திரங்களில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அப்படியே வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவருகிறார்கள். பேக்-மேனும் அதில் உண்டு. அந்த இயந்திரத்துக்குள் இருந்த சின்னச் சின்ன அமைப்புகளைக்கூட மாற்றிப் பார்க்கலாம். அதில் 'காரவன்' என்று ஒரு வகை இருக்கிறது: 5 நிமிடம்தான், அதற்குள் எவ்வளவு மதிப்பெண் எடுக்க முடியுமோ எடுக்க வேண்டும். குழந்தையோடு ஆட இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இழுக்காமல் தானாக முடிந்துவிடும்.

அக்கா வீட்டில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் கன்சோல் எக்ஸ்பாக்ஸில் கதை வேறு. அங்கே பழைய டிஸ்க்கையே உள்ளே போடலாம். டிஸ்க்கில் இருப்பதை அது நேரடியாக ஓட்டுவதில்லை. இந்த விளையாட்டு உன்னிடம் இருக்கிறது என்பதற்கு டிஸ்க் ஒரு சாவி மாதிரி. புது இயந்திரத்துக்கு ஏற்றபடி செய்த பதிப்பு இணையத்திலிருந்து இறங்கும். டிஸ்க் போடும் வசதி உள்ள மாடலாக இருக்க வேண்டும், விளையாட்டும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் 2021 நவம்பரில் எழுபதுக்கும் மேற்பட்டதைச் சேர்த்துவிட்டு, உரிமச் சிக்கலும் தொழில்நுட்பச் சிக்கலும் இருப்பதால் இனிமேல் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் சொல், பழைய டிஸ்க் எதையும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று.

வாங்கியதை இறக்கி வைத்துக்கொள் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? கடைகள் மூடுகின்றன. 2006-ல் நின்டெண்டோவின் வீ கன்சோல் வந்தபோது அதில் விர்ச்சுவல் கன்சோல் என்று ஒரு கடை இருந்தது. பழைய விளையாட்டை வீட்டிலிருந்தே தனித்தனியாக வாங்கலாம் என்பது அப்போது எவ்வளவு பெரிய சந்தோஷம்! 2019 ஜனவரி 30 அன்று அந்தக் கடையில் விற்பனை நின்றது. நின்டெண்டோவின் வீ யு, 3டிஎஸ் கன்சோல்களின் கடைகள் 2023 மார்ச் 27 அன்று. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29 அன்று. தன் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கன்சோல்களின் கடைகளை மூடப்போவதாக சோனி 2021-ல் அறிவித்தது. ஆடுகிறவர்கள் போட்ட சத்தத்தில் ஒரு மாதத்துக்குள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். எல்லாக் கடைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

கடை மூடினாலும், ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ள இதுவரை பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் அது அவர்கள் விருப்பம். 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது நமக்குக் கிடைப்பது ஆடுவதற்கான அனுமதி மட்டுமே. அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டமே போட்டிருக்கிறார்கள், 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்ற இடங்களிலும் வரட்டும். மறைத்து விற்பதைவிடச் சொல்லி விற்பது நல்லது.

இடம் போதாதே என்று கவலைப்படாதே. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் வெறும் 40 கிலோபைட். போனில் நீ எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். நின்டெண்டோ 64 கேசட்டில் மிகப் பெரியதே 64 மெகாபைட்தான். டிஸ்க் காலத்துக்கு வந்தால்தான் இடம் பிடிக்கும்; ஒரு சிடியில் அறுநூற்றுச் சொச்சம் மெகாபைட் இருக்கும். உன் கன்சோலிலேயே 256 ஜிகாபைட் இருக்கிறது. பின்னால் கார்டு வாங்கினால் மட்டும் பார்த்து வாங்கு. ஸ்விட்ச் 2-ல் விளையாட்டுகளை வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வகைதான் வேண்டும், பழைய ஸ்விட்சில் போட்டிருந்த கார்டு இதற்கு உதவாது.

இன்னொரு விஷயம், இதை இன்றைக்கே செய். நீ வாங்குவதெல்லாம் கன்சோலில் இல்லை, உன் அக்கவுண்டில்தான் இருக்கிறது. அந்த அக்கவுண்டை ஆபீஸ் மின்னஞ்சலில் ஆரம்பித்திருந்தால் உடனே மாற்றிவிடு. வேலை மாறினால் அந்த முகவரி போய்விடும், பாஸ்வேர்டு மறந்தால் மீட்க வழி இருக்காது. சொந்த மின்னஞ்சல், இரண்டு கட்டச் சரிபார்ப்பு, அதற்குத் தரும் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வை. பேத்திக்கு அவள் வயதைச் சரியாகக் கொடுத்துத் தனி அக்கவுண்ட் ஆரம்பி. அவள் பாட்டுக்குக் கடைக்குள் போய் எதையாவது வாங்காமல் பூட்டி வைக்க முடியும்.

நீ தேடுவதில் பல கிடைக்காது. அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. எனக்கு அந்த எண்ணைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. காரணம் பெரும்பாலும் உரிமைகள். கோல்டன்ஐ 007 நினைவிருக்கிறதா, நீயும் அக்காவும் திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு சுட்டுக்கொள்வீர்களே? 1997-ல் வந்தது. உருவாக்கியது ரேர் என்ற நிறுவனம், வெளியிட்டது நின்டெண்டோ, கதை ஜேம்ஸ் பாண்ட் படம். 2002-ல் ரேரை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. அதை மறுபடி வெளியிட இத்தனை பேரும் ஒரே பக்கம் தலையாட்ட 2023 ஜனவரி ஆகிவிட்டது. பாட்டுக்கு வாங்கிய உரிமம் முடிந்துபோவது, நிறுவனமே இல்லாமல் போவது, யாருக்குச் சொந்தம் என்றே தெரியாமல் போவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது.

கிடைக்கவில்லையே என்று இலவசமாகக் கொடுக்கும் தளங்களில் எதையும் இறக்காதே. உரிமை விஷயம் ஒருபுறம். அதோடு ஒட்டிக்கொண்டு என்ன வரும் என்று தெரியாது. மாற்றம் செய்த கன்சோலை இணையச் சேவையிலிருந்தே விலக்கிவிடுவார்கள். பிறகு காசு கொடுத்து வாங்கியதும் சிக்கலில் மாட்டும்.

சரி, எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆடுவதற்கு முன் படத்தைச் சரிசெய். டிவியில் ஆடுவதற்கென்று செய்த அந்தக் காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் 4:3 அளவுத் திரைக்கு வரைந்தவை. பக்கங்களில் கறுப்பாக இருக்கிறதே என்று அகலத் திரைக்கு இழுத்துவிடாதே. மாரியோ குண்டாகிவிடுவான், உருண்டை முட்டையாகிவிடும். பழைய குழாய் டிவி போலக் கோடு விழும்படி செய்யும் அமைப்பு ஒன்று இருக்கும், அதைப் போட்டுப் பார். படம் வரைந்தவர்கள் அந்த டிவியின் மங்கலையும் கணக்கில் வைத்துத்தான் புள்ளி வைத்தார்கள். கூர்மையான புதுத் திரையில் சதுரம் சதுரமாகத் தெரிவது, அதில் முகமாகத் தெரியும். டிவியில் 'கேம் மோட்' இருக்கிறதா பார், அதை அவசியம் போடு. பொத்தானை அழுத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவே சின்னத் தாமதம் இருந்தாலும் இவற்றை ஆடவே முடியாது. குழந்தை தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளும்; குற்றம் டிவியுடையது. ஐரோப்பியப் பதிப்பு என்று தனியாக ஒன்று இருந்தால் அதை விட்டுவிடு. அங்கே டிவி படத்தை நொடிக்கு 50 முறை மாற்றியது, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60 முறை. அதனால் பல விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக, பாட்டும் இழுத்தபடி ஓடும்.

இனி எதை ஆடுவது? எனக்கு விட்டால் ஸ்பேஸ் இன்வேடர்ஸிலிருந்து ஆரம்பிப்பேன். 1978, டோமோஹிரோ நிஷிகாடோ செய்தது. 55 உருவங்கள் வரிசையாக இறங்கி வரும். நாம் சுட்டுக்கொண்டே போக, மீதி இருப்பவை வேகமெடுக்கும், கடைசி ஒன்று பறக்கும். அதை அவர் முதலில் திட்டமிட்டுச் செய்யவில்லை. அத்தனை உருவத்தையும் நகர்த்த அந்த இயந்திரத்தின் சில்லுக்குத் திராணி போதவில்லை. எண்ணிக்கை குறையக் குறைய வேலை குறைந்து வேகம் கூடியது. நன்றாயிருக்கிறதே என்று அவர் விட்டுவிட்டார். இன்று உன் கன்சோலுக்கு அந்த 55 ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் பழைய சில்லு எப்படித் திணறியதோ அதே தாளத்தில், பழைய இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருள் திணறிக் காட்டுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும். பழைய இயந்திரத்தின் பலவீனத்தையும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் அந்த விளையாட்டு அதுவாக இருக்கும்.

அப்புறம் பேக்-மேன். 1980-ல் தோரு இவாடானி அதை உருவாக்கும்போது பெண்களும் வந்து ஆட வேண்டும் என்று நினைத்தே செய்தார். நான்கு பேய்களும் ஒரே மாதிரி துரத்தாது. சிவப்பு நேராகப் பின்னால் வரும், இளஞ்சிவப்பு நாம் போகும் பக்கம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். பேத்தியிடம் சொல்லாதே. எந்தப் பேய் எப்படி என்று அவளைக் கேட்டுப் பார்.

மாரியோவில் மேகத்தையும் புதரையும் காட்டு. இரண்டும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. 40 கிலோபைட்டில் அடக்க அப்படித்தான் மிச்சம் பிடித்தார்கள். முதல் கட்டத்தில் யாரும் எதையும் சொல்லித் தராததைக் கவனி. ஒரு காளான் உருவம் நடந்து வரும், மோதினால் உயிர் போகும், அதனால் தாண்ட வேண்டும் என்று பிள்ளைக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிடும். அவள் ஆடும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து "குதி, குதி" என்று கத்தாமல் இரு.

உன் கன்சோலில் என்.இ.எஸ். விளையாட்டுகளில் இசட்.எல்., இசட்.ஆர். பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நடந்ததைப் பின்னால் ஓட்டிக்கொள்ளலாம். அவளுக்கு அது இருக்கட்டும். சின்னப் பிள்ளை, ஒரே இடத்தில் விழுந்து விழுந்து அழ வேண்டியதில்லை. ஆனால் நீ ஆடும்போது தொடாதே. நீ விழுவதையும் எழுந்து மறுபடி போவதையும் அவள் பார்க்கட்டும்.

பெட்டியிலிருக்கும் நம் கேசட்டுகளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. செல்டா கேசட்டுக்குள் இருக்கும் நாணய பேட்டரிதான் சேவ் செய்ததைப் பிடித்து வைத்திருக்கிறது, அது தீர்ந்தால் நீ ஆடியதெல்லாம் அழிந்துவிடும். தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றலாம் என்று இருக்கிறேன். மாற்றும்போது சேவ் போய்விட வாய்ப்புண்டு, அதனால் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் விளையாட்டையும் அதன் துப்பாக்கியையும் மட்டும் எதிர்பார்க்காதே. குழாய் டிவியின் வெளிச்சத்தை நம்பிச் செய்த துப்பாக்கி அது, புது டிவியில் வேலை செய்யாது.

கடையில் தேடியும் கிடைக்காத பெயர்களை எழுதி அனுப்பு. பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். முதலில் அந்த மின்னஞ்சலை மாற்று.

அன்புடன்,
அம்மா