பஸ்ஸில் போகிற நேரமும் கம்பெனி நேரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வரி உயர்வால் கொங்கு மண்டலத் தொழில்கள் படும் பாட்டைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி வந்ததும் திருப்பூர் எப்படி ஆடிப்போனது என்பதை நாங்களும் கண்ணால் பார்த்தோம். பனியன் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் நூல் மில்லில் தேங்கும், மில் சுணங்கினால் மில்லை நம்பியிருக்கும் எங்களைப் போன்றவர்களின் வேலையும் சுணங்கும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "நிலைமையைப் புரிந்துகொண்டு தொழிலாளர்கள் சம்பளக் குறைப்புக்கு ஒத்துழைக்கிறார்கள்" என்ற வரியைப் படித்ததும் மனது பொறுக்கவில்லை. ஒத்துக்கொள்கிறீர்களா என்று எங்களை யாரும் கேட்கவே இல்லை.

நான் கோவையில் ஒரு கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக். ஸ்பின்னிங் மில் மெஷின்கள் நின்றுபோனால் போய் ஓட வைப்பது எங்கள் வேலை. பல்லடம், உடுமலை என்றால் காலையில் போய் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். ராஜபாளையம் போன்ற தூரத்து ஊர்கள் என்றால் ராத்திரிப் பயணம்தான். சாயங்காலம் ஆபீஸிலிருந்து போன் வரும். டூல் பேக் ஒரு தோளில், ஸ்டோரில் எழுதி வாங்கிய பேரிங், பெல்ட், எலக்ட்ரானிக் கார்டு எல்லாம் இருக்கும் பெட்டி ஒரு கையில் என்று சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஏறுவோம். அந்தக் கார்டு பெட்டியை டிக்கியில் போட முடியாது. அடிபட்டாலோ நனைந்தாலோ நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் விடிய விடிய மடியிலேயே இருக்கும். இருட்டோடு இறங்கி, பஸ் ஸ்டாண்டு குழாயில் முகம் கழுவி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, காலை ஷிப்ட் ஏறும்போது மில் கேட்டில் நிற்க வேண்டும்.

இந்தப் பயணத்துக்கு பஸ் கட்டணமும் பேட்டாவும் போக, பயண நேரப்படி என்று மணிக்கணக்கில் ஒரு தொகை வந்துகொண்டிருந்தது. அதிகம் இல்லை, ஆனாலும் பிள்ளைகளின் ஸ்கூல் வேன் செலவு அதில் ஓடியது. எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் காலத்திலிருந்தே இருந்த பழக்கம் அது. சம்பள சிலிப்பில் தனி வரியாகவே வரும்.

ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. இந்த மாதம் முதல் எல்லோருக்கும் 10 சதவீதம் சம்பளக் குறைப்பு. மில் கேட்டில் போய் மொபைல் ஆப்பில் செக்-இன் செய்த நேரத்திலிருந்துதான் டூட்டி கணக்கு. பயண நேரப்படி கிடையாது. அவ்வளவுதான். எத்தனை மாதத்துக்கு, எப்போது திரும்பத் தருவார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. மேனேஜர் அனுப்பும் எந்த மெசேஜுக்கும் போடுவது போலச் சில பையன்கள் கட்டைவிரல் படத்தைப் போட்டார்கள். அடுத்த மாத சிலிப்பில் பயண நேரப்படி என்ற வரியே இல்லை. ஹெச்.ஆர். ஆபீஸில் போய்க் கேட்டோம். "பஸ்ல தூங்கிட்டுத்தானுங்க போறீங்க, அதுக்கு எதுக்குங்க சம்பளம்? குரூப்ல எல்லாரும் ஓகே போட்டுட்டீங்களே" என்றார்.

தூங்கினாலும் முழித்திருந்தாலும் அந்த ராத்திரி எங்களுடையது இல்லை, கம்பெனி வாங்கிக்கொண்ட ராத்திரி. வீட்டிலிருந்து கம்பெனிக்கு வந்து போகிற நேரத்துக்கு நாங்கள் காசு கேட்கவில்லை. அதை யாரும் கேட்பதும் இல்லை. கம்பெனி சொன்ன ஊருக்கு, கம்பெனி சொன்ன நேரத்தில், கம்பெனியின் சாமானைச் சுமந்துகொண்டு போகிறோம். வேண்டாம், நாளைக்குப் போகிறேன் என்று சொல்லும் உரிமை எங்களுக்குக் கிடையாது என்றால் அது வேலை நேரம் இல்லாமல் வேறு என்ன?

பயணத்தில் போகும் எல்லா மணி நேரமும் வேலை நேரம்தான் என்று சட்டத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் முதலாளிகள் விளையாடுகிறார்கள். ஆனால் கொடுத்துவந்த படியை நினைத்த மாத்திரத்தில் நிறுத்தலாமா என்பதற்குச் சட்டம் தெளிவாகவே பதில் சொல்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 9ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, அதே பாதுகாப்பு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 40ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. சம்பளம், படிகள், வேலை நேரம், வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகை ஆகியவற்றில் தொழிலாளிக்குப் பாதகமாக எதை மாற்றுவதானாலும் முறைப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்து 21 நாள் ஆவதற்குள் மாற்றக் கூடாது. தொழிலாளர்களோடு முறையாக ஒப்பந்தம் போட்டுத்தான் மாற்றுகிறார்கள் என்றால் நோட்டீஸ் தேவையில்லை. ராத்திரி வந்த வாட்ஸ்அப் மெசேஜ் அப்படிப்பட்ட ஒப்பந்தம் ஆகாது. கட்டைவிரல் படம் கையெழுத்தும் ஆகாது.

அந்த 21 நாள் எதற்கு என்றால், அதற்குள் தொழிலாளர்கள் சேர்ந்து ஆட்சேபணை எழுப்பலாம், தொழிலாளர் துறையில் தகராறாகப் பதியலாம். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடியும்வரை தகராறில் இருக்கும் விஷயத்தைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதிகாரியிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். நோட்டீஸே கொடுக்காமல் குறைப்பவர்கள் எங்களிடமிருந்து பறிப்பது இந்த வாய்ப்பைத்தான். பணம் போனதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. எங்கள் ஐ.டி. கார்டில் "சீனியர் சர்வீஸ் எக்ஸிகியூட்டிவ்" என்று அச்சடித்திருக்கிறார்கள். நீங்கள் எல்லாம் ஆபீசர் கிரேடு, தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்கள் தொழிலாளி என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, என்ன வேலை செய்கிறான் என்றுதான் பார்க்கின்றன. கிரீஸ் படிந்த கையோடு கியரைக் கழற்றிக்கொண்டிருப்பவன் யாரை மேற்பார்வை செய்கிறான்? அதனால் கார்டில் என்ன போட்டிருந்தாலும் தம்பிகள் பின்வாங்க வேண்டாம்.

புதிய தொகுப்புகளில் இன்னொன்றான ஊதியச் சட்டத் தொகுப்பிலும் நமக்குச் சாதகமான பல விஷயங்கள் இருக்கின்றன. கம்பெனிகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. குறைத்துக் கொடுத்த சம்பளத்தைக் கேட்டு மனுப் போட முன்பு 12 மாதம்தான் அவகாசம், இப்போது மூன்று வருடம். பாக்கித் தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. இந்தச் சட்டப்படி வரவேண்டிய தொகையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினாலும் அந்தப் பேப்பர் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறக்க எந்த நெருக்கடியும் காரணமாகாது. தனி ஆளாகவும் மனுப் போடலாம், சங்கம் மூலமாகவும் போடலாம்.

எங்களோடு இருக்கும் இளவட்டங்கள் கோபத்தில் எல்லோரும் ஒரே நாளில் லீவு போட்டுவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்று தடுத்தோம். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து லீவு போட்டால் புதிய சட்டத்தில் அதுவும் வேலைநிறுத்தம்தான், 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் செய்தால் சட்ட விரோதம் ஆகிவிடும். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது பிடியை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக எல்லோரும் பழைய சம்பள சிலிப்புகள், பஸ் டிக்கெட்டுகள், மில்லில் கையெழுத்து வாங்கிய சர்வீஸ் ரிப்போர்ட்டுகள், கிளம்பச் சொல்லி வந்த மெசேஜ்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தோம். குறைப்புக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் நாளைக்கு அதையே சம்மதம் என்பார்கள். சரி, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

படிதானே, அடிப்படைச் சம்பளம் இல்லையே என்று சிலர் லேசாகப் பேசுகிறார்கள். 1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது விலைவாசி உயர்வுக்கு ஈடாகத் தரும் பஞ்சப்படி என்ற ஒரு படிக்காகத்தான். நாலு மாதம் அடுப்பெரியாமல் கிடந்தாலும் பரவாயில்லை என்று அன்று அவர்கள் நின்றதன் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம்.

முதலாளிகளை விரோதியாக நினைத்து இதை எழுதவில்லை. எங்கள் ஊரில் லேத் பட்டறையில் கைவேலை பார்த்துப் பின்னால் கம்பெனி வைத்தவர்கள் ஏராளம். கஷ்டம் அவர்களுக்கும் தெரியும். நெருக்கடி உண்மை என்றால் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆர்டர் நிலவரத்தைக் காட்டி, இத்தனை மாதத்துக்கு இவ்வளவு குறைக்கிறோம், இந்தத் தேதியிலிருந்து திரும்பத் தருகிறோம், மேலே இருக்கும் டைரக்டர்களுக்கும் குறைப்பு உண்டு என்று பேப்பரில் எழுதிக் கொடுக்கட்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் சம அளவில் இருக்கும் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் குழு எத்தனை கம்பெனிகளில் இருக்கிறது என்று உங்கள் நிருபர்கள் கொஞ்சம் விசாரித்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புகார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் பாதிப் பேர் புகார் தர மாட்டார்கள். 2025 ஆகஸ்டுக்கு முந்தைய சம்பளப் பதிவேட்டையும் இப்போதைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் படி காணாமல் போயிருக்கிறதோ, அதற்கு நோட்டீஸ் கொடுத்த நகல் எங்கே என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ் மெக்கானிக்,
கணபதி, கோவை.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)