தேவெத் பத்தாம் நாள் சாமினும் உப்பும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

ஷாலோம். 2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை ஜெருசலேமில் உள்ள நம் கடையில் சாமின் (ஓய்வுநாளுக்காக முன்கூட்டியே சமைத்துச் சூட்டிலேயே வைக்கும் இறைச்சி, பீன்ஸ் குழம்பு) வாங்கிப் போனவர்களில் பலர் உப்பு கரித்தது என்று சொன்னீர்கள். உண்மைதான், கூடித்தான் போனது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, கிடுஷ் (திராட்சை மதுவின்மேல் சொல்லும் ஆசி) சொல்லிவிட்டு முதல் கரண்டியை வாயில் வைத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது எங்களுக்குப் புரிகிறது. மன்னிக்க வேண்டுகிறோம். அன்று வாங்கியவர்கள் ரசீது இல்லாமலே வந்து சொல்லுங்கள். வாங்கிய அளவு அப்படியே இன்னொரு முறை தருகிறோம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். அன்று யூத நாட்காட்டியின் தேவெத் மாதப் பத்தாம் நாள் நோன்பு. பொது நோன்புகளில் வெள்ளிக்கிழமையில் விழக்கூடியது இது ஒன்றுதான். சபாத் (வெள்ளி மாலை முதல் சனி இருட்டும்வரை, சமையல் கூடாத ஓய்வுநாள்) வருகிறதே என்று பாதியில் முடிப்பதும் இல்லை, இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை போகும். மற்ற வெள்ளிக்கிழமைகளில் சபாத் சமையலை ருசி பார்ப்பது நல்ல வழக்கம் என்றே பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நோன்பு நாளில் ஒரு ரெவிஈத் என்ற பழைய அளவுவரை, அதாவது சிறிய கணக்கில் 86 மில்லி, நாவில் வைத்துத் துப்பிவிடலாம் என்று ஷுல்ஹான் அருக் என்ற யூதச் சட்ட நூல் இடம் கொடுக்கிறது. ஆனால் பொது நோன்புகளில் அதையும் தவிர்க்கச் சொல்கிறார் அந்த நூலுக்கு அஷ்கெனாசி (ஐரோப்பிய யூதர்) வழக்கங்களைச் சேர்த்து எழுதிய ரெமா. விருந்துக்குச் சமைப்பவருக்குச் சலுகை சொல்பவர்கள் உண்டு. நம் சமையலறை அஷ்கெனாசி வழக்கப்படி நடப்பது, அதனால் அன்று யாரும் உப்பு பார்க்கவில்லை.

ஒரு 40 லிட்டர் அண்டாவுக்கு பீன்ஸ் விதை 3 கிலோ, பார்லி 2 கிலோ, உருளைக்கிழங்கு 8 கிலோ, மாட்டிறைச்சி 6 கிலோ, வெங்காயம் 3 கிலோ போடுகிறோம். உப்பு முதலில் 300 கிராம். இறைச்சி வெந்த பிறகு ருசி பார்த்து மீதி 100 கிராமுக்குள் சரிசெய்வோம். கோஷர் (யூத உணவு விதிப்படியான) இறைச்சி ஏற்கெனவே உப்பு கண்டது: அரை மணி நேரம் ஊறி, ஒரு மணி நேரம் உப்பில் கிடந்து, மூன்று முறை அலசப்பட்டு வருகிறது. எவ்வளவு உப்பு உள்ளே தங்கியது என்பது துண்டின் கனத்தைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறும். தராசு அதைக் காட்டாது. அந்த வாரம் வந்தவை மெல்லிய துண்டுகள், உப்பு நிறையவே பிடித்திருந்தது. நோட்டில் இருந்த 400 கிராமும் அப்படியே போடப்பட்டுவிட்டது. கொதி வாசத்திலேயே உப்பு சொல்லிவிடுகிற பழைய சமையல்காரர் இலையுதிர் காலத்துச் சுக்கோத் பண்டிகையோடு விலகிப் போனது உங்களில் பலருக்குத் தெரியும்.

இனி நோன்பு வெள்ளி வந்தால் அண்டா வியாழன் இரவே ஏறும். இரவுப் பணியில் தூங்காமல் இருப்பவர், நோன்பு தொடங்கும் விடியலுக்கு முன்பே உப்பு பார்த்து முடித்துவிடுவார்.

உப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு செய்தியை அப்படி விட முடியாது. “இவர்கள் அரைவேக்காட்டில் விற்கிறார்கள், அதைச் சூடேற்றி வைத்த நாமெல்லாம் சபாத்தில் சமைத்த குற்றத்துக்கு ஆளானோம்” என்று எழுதி, கடிபடாத ஒரே ஒரு விதையின் படத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.

இது ருசி பற்றிய குறை அல்ல. பென் தெருசாய் என்ற கொள்ளைக்காரன் அவசரத்தில் சாப்பிட்ட அளவு வேக்காடு, மூன்றில் ஒரு பங்கு என்பார்கள் சிலர், பாதி என்பார்கள் சிலர். சபாத் தொடங்கும் முன் அந்த அளவு வெந்திருந்தால் அடுப்பில் விட்டுவைக்கலாம் என்பது ஒரு கணக்கு. அதை நம்பி நாங்கள் விற்பதில்லை. ஏனென்றால் முழுதாக வேகாத பாத்திரத்தைத் திறந்துவிட்டு மூடியைத் திரும்பப் போட்டாலே வேக்காடு விரைவாகும், அதுவே சமைத்ததாகிவிடும். வாங்கிப் போகிறவர் வீட்டில் யார் எப்போது மூடியைத் திறப்பார்கள் என்று கடைக்குத் தெரியாது. அதனால் விரலிடுக்கில் நசுக்கினால் தோலோடு மசிந்துபோகும் பதம் வந்த பிறகே அண்டாவிலிருந்து அலுமினியத் தட்டுக்கு மாற்றுகிறோம். அண்டாவுக்கு மூன்று இடங்களில், அடி, நடு, மேல் என்று எடுத்துப் பார்க்கிறோம். மஷ்கியாக் (கோஷர் மேற்பார்வையாளர்) அந்த நேரத்தில் கூடவே இருக்கிறார். வேக்காடு பார்க்க நாக்கு வேண்டாம், விரல் போதும். நோன்பு நாளிலும் அது தவறவில்லை.

படத்தில் இருப்பது ஊறாத விதை. பழைய சரக்கில் தோல் இறுகிப்போன சில விதைகள் பன்னிரண்டு மணி நேரம் ஊறினாலும் தண்ணீர் குடிக்காது, எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கல்லாகவே நிற்கும். ஊறியதும் சிறிதாகவே இருப்பவற்றைப் பொறுக்கி எறிகிறோம், ஒன்றிரண்டு தப்பிவிடுகிறது. தட்டில் அப்படி ஒன்று தென்பட்டால் அதை மட்டும் தனியே பொறுக்காதீர்கள், அது போரேர், அதாவது சபாத்தில் கூடாத பிரித்தெடுக்கும் வேலை. கொஞ்சம் குழம்போடு சேர்த்துக் கரண்டியில் அள்ளி ஒதுக்குங்கள்.

சாமின் காய்ந்துபோகிறது என்பவர்களுக்கு: இந்தக் குளிர்காலத்தில் விளக்கேற்றும் நேரம், சூரியன் மறைய 40 நிமிடம் முன்பு, நாலே கால் வாக்கில் வந்துவிடுகிறது. மறுநாள் பதினோரு மணிவரை என்றால் பிளாட்டாவில் (சபாத்தில் உணவைச் சூடாக வைக்கும் மின்தகடு) சுமார் 19 மணி நேரம். அலுமினியத் தட்டின் ஒரு மூலையில் மூடிய அலுமினியத் தாள் நெளிந்திருந்தாலும் ஆவி போய்க்கொண்டே இருக்கும். சபாத் வருவதை அறிவிக்கும் சங்கு ஊதுவதற்கு முன்பே அரை தம்ளர் கொதிநீர் விட்டு, இரட்டைத் தாளால் இறுக்கி மூடி, கம்பிச்சுருள் ஓடும் நடுப்பகுதியை விட்டு ஓரத்தில் வையுங்கள். துண்டு போட்டுச் சுற்றிலும் பொதிய வேண்டாம். சூடு கூட்டும் பிளாட்டாவின்மேல் அப்படிப் பொதிவது வெள்ளியன்றே செய்தாலும் கூடாது. சபாத்தில் பரிமாற, முதலில் தட்டை பிளாட்டாவிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு அள்ளுங்கள். திரும்ப வைக்கிற எண்ணத்தோடு எடுத்து, கையை விடாமல், சூடு ஆறுமுன் வைத்தால் வைக்கலாம். சபாத்தில் வெந்நீர் சேர்ப்பதில் வழக்கங்கள் வேறுபடும், உங்கள் ரப்பியிடம் (யூத மதகுரு) கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தி பரவிய பிறகும் அடுத்த வெள்ளி காலை எட்டு மணிக்கே பாத்திரத்தோடு வரிசையில் நின்றவர்களை நாங்கள் மறக்க மாட்டோம். உப்பு கரித்ததை ஊருக்குச் சொல்லாமல் நேரில் வந்து சொன்னவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

மதிப்புக்கூட்டு வரி 2025 ஜனவரி 1 முதல் 17 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருப்பதால் சாமின் லிட்டர் 62 ஷெக்கலிலிருந்து 68 ஆகிறது. இறைச்சி விலையும் அதில் சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கடை ஒன்றரைக்கு மூடும்.

2025 மார்ச் 13 வியாழன், பூரிம் பண்டிகையை ஒட்டிய எஸ்தர் நோன்பு. அன்று அண்டா நோன்பு முடிந்து இருட்டிய பிறகே ஏறும் என்பதால் உப்பு பார்ப்பதில் தடை இல்லை. ஜெருசலேமில் 2025-இல் பூரிம் சபாத்தில் விழுகிறது, விருந்து மார்ச் 16 ஞாயிறு. அதற்கான முன்பதிவை மார்ச் 6 வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடையார்