ஸ்மூத் ஜாஸ் கலைஞர்களே, கூட வாசித்தவர்கள் பெயரைப் போடுங்கள்

வணக்கம்.

ஸ்மூத் ஜாஸில், அதாவது மெட்டை முன்னால் வைத்து மென்மையாக வாசிக்கிற ஜாஸில், டேவ் கோஸ், போனி ஜேம்ஸ், பிரையன் கல்பர்ட்சன், ஜெரால்ட் ஆல்பிரைட், ஜெஃப் லோர்பர் போன்ற பெரிய பெயர்களுக்கும், வீட்டு ஸ்டுடியோவிலேயே பதிவு செய்து சொந்தமாக ஆல்பம் வெளியிடுகிற புதியவர்களுக்கும், உங்கள் பதிவுகளை வெளியிடும் கம்பெனிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பல வருஷமாக உங்கள் இசையை விடாமல் கேட்டுவரும் ரசிகன் நான். இது லிஃப்டில் ஓடுகிற இசை என்று ஜாஸ்காரர்கள் உங்களை ஒதுக்கும்போதெல்லாம் உங்கள் பக்கம் நின்று வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். புதிதாக வெளியிடும் ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒவ்வொரு சிங்கிளிலும் எந்த ட்ராக்கில் யார் என்ன வாசித்தார்கள் என்று போடுங்கள். போடுவதற்குப் பெயரே இல்லை, ட்ரம்ஸும் பேஸும் கம்ப்யூட்டரில் தட்டியவை என்றால், அடுத்த தடவை ஆளைக் கூப்பிட்டு வாசிக்க வையுங்கள்.

சமீபத்தில் ஓர் ஆல்பம் கேட்டேன். யாருடையது என்று சொல்ல வேண்டாம், நல்ல ஆல்பம்தான். இரண்டாவது ட்ராக்கில் சாக்ஸபோன் மெட்டை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில், பேஸ் கிட்டார் வழக்கம்போலக் கீழே இறங்காமல் மேலேயே ஒரு கணம் நின்று, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்து சேருகிறது. இரண்டு விநாடிகூட இருக்காது. அதற்காகவே அந்த ட்ராக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். யார் இந்த ஆள் என்று க்ரெடிட்ஸைத் திறந்தால், வாசித்தவர் என்ற இடத்தில் சாக்ஸ் கலைஞரின் பெயர், எழுதியவர் என்ற இடத்திலும் அதே பெயர், தயாரிப்பாளர் என்று இன்னொரு பெயர். கலைஞரின் வெப்சைட்டிலும் இல்லை, யூட்யூபில் வீடியோவுக்குக் கீழேயும் இல்லை. அந்த ஆல்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடத்தை வாசித்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வேறு யாருடன் வாசித்திருக்கிறார் என்று தேடிப் போகவும் வழியில்லை.

முன்பு இப்படி இல்லை. உங்கள் எல்லோருக்கும் மூத்தவரான சாக்ஸ் கலைஞர் க்ரோவர் வாஷிங்டன் ஜூனியர் 1980இல் வெளியிட்ட 'வைன்லைட்' ஆல்பத்தின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ட்ரம்ஸ் ஸ்டீவ் காட், பேஸ் மார்கஸ் மில்லர், கிட்டார் எரிக் கேல், கீபோர்ட் ரிச்சர்ட் டீ, பெர்கஷன் ரால்ஃப் மெக்டொனால்ட். பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' என்ற புகழ்பெற்ற பாட்டு ஆல்பத்தில் ஏழு நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிறது. ரேடியோவுக்காக வெட்டிக் குறைத்த சிங்கிளை மட்டும் கேட்டவர்கள் முழுசையும் ஒருமுறை கேட்க வேண்டும். நடுவில் ஸ்டீல்பான் என்ற எஃகுத் தாள வாத்தியம் ஒன்று தனியாக ஒலிக்கும். அதை வாசித்தவர் கரீபியன் தீவான டிரினிடாடைச் சேர்ந்த ராபர்ட் க்ரீனிட்ஜ். நியூயார்க்கில் சாக்ஸபோன்காரர் ஒருவர் பதிவு செய்த ஆல்பத்துக்குள் டிரினிடாடின் வாத்தியம் எப்படி வந்தது என்று யோசித்தால், பதில் அந்த அட்டையிலேயே இருக்கிறது. ரால்ஃப் மெக்டொனால்டின் குடும்பம் டிரினிடாடிலிருந்து வந்தது, அந்தப் பாட்டை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். அட்டையில் அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் இந்தத் தொடர்பு யாருக்குத் தெரிந்திருக்கும்?

க்ரோவர் முன்வரிசைக்கு வந்ததும் ஒரு செஷனால்தான். 1971இல் சாக்ஸ் கலைஞர் ஹேங்க் க்ராஃபோர்ட் வாசிக்க வேண்டிய பதிவு அது. அவர் வர முடியாமல் போக, கூட வாசிக்க வந்திருந்த க்ரோவர் கையில் ஆல்டோ சாக்ஸைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' என்று அவருடைய முதல் ஆல்பமாக வந்தது அதுதான். எல்லோரையும் ஒரே அறைக்கு வரவழைத்துப் பதிவு செய்த காலம் என்பதால்தான் அப்படி ஒரு வாய்ப்பே கிடைத்தது. இன்றைக்கென்றால் க்ராஃபோர்டையே பிறகு வீட்டிலிருந்து ட்ராக்கை அனுப்பச் சொல்லியிருப்பார்கள்.

உங்களுக்கும் இது தெரியாததல்ல, நீங்களே பக்கவாத்தியக்காரர்களாக இருந்து வந்தவர்கள்தானே. கென்னி ஜி என்று உலகம் அறிந்த கென்னி கோரலிக் 1980இல் ஜெஃப் லோர்பர் ஃப்யூஷன் குழுவின் 'விசார்ட் ஐலண்ட்' ஆல்பத்தில் கூட வாசித்தவர். போனி ஜேம்ஸ் தனி ஆல்பம் போடுவதற்கு முன்னால் பாடகர் மோரிஸ் டேயின் குழுவில் வாசித்தவர். ஜெரால்ட் ஆல்பிரைட் பாடகி பேட்ரிஸ் ரஷனின் குழுவில் இருந்தவர், அதுவும் சாக்ஸ் மட்டுமல்ல, பேஸும் வாசித்தார். அன்றைக்கு அந்தப் பெரியவர்கள் தங்கள் அட்டையில் உங்கள் பெயருக்கு ஒரு வரி கொடுத்தார்கள். இன்றைக்கு உங்களிடம் வாசிக்கிற இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த ஒரு வரி கிடைக்க வேண்டாமா?

ரசிகர்களுக்கும் அந்த ஒரு வரிதான் வழிகாட்டி. 1976இல் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் 'ப்ரீஸின்' வந்தது. பாப், ஜாஸ், ஆர் அண்ட் பி மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்த ஆல்பம். அதில் ட்ரம்ஸ் வாசித்தவர் ஹார்வி மேசன். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1973இல் ஹெர்பி ஹேன்காக்கின் ஃபங்க் ஆல்பமான 'ஹெட் ஹண்டர்ஸ்' கிடைக்கும், முன்னால் வந்தால் 1991இல் பாப் ஜேம்ஸ், லீ ரிட்னவர், நேதன் ஈஸ்ட் ஆகியோருடன் சேர்ந்து முதல் ஆல்பம் போட்ட ஃபோர்ப்ளே குழு கிடைக்கும். ஒரே ட்ரம்மரின் பெயரை வைத்துக்கொண்டு ஃபங்க்கிலிருந்து ஸ்மூத் ஜாஸ் வரைக்கும் நடந்து வந்துவிடலாம். நான் ஜாஸ் கற்றுக்கொண்டது இப்படித்தான், என்னைப் போல எத்தனையோ பேர் இப்படித்தான்.

எங்கள் ஊர்க் கச்சேரி நோட்டீஸில் பாடுகிறவர் பெயருக்குக் கீழே வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று போடாமல் விடமாட்டார்கள், மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனமும் உண்டு. ஆனால் சினிமாப் பாட்டில் வாசித்தவர்களின் பெயர் வெகுகாலம் வெளியே தெரியவே இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் கேசட் உறையிலும் சிடியிலும் வாசித்தவர்கள் பெயரை அச்சிட ஆரம்பித்த பிறகுதான் புல்லாங்குழல் நவீன், பேஸ் கீத் பீட்டர்ஸ் என்றெல்லாம் நாங்கள் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கினோம். அச்சிட்டதால் ரஹ்மானின் மதிப்பு துளியும் குறையவில்லை.

சரி, இந்தப் பழக்கம் உங்களிடம் எப்போது தேய ஆரம்பித்தது? ரேடியோவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1987 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 'தி வேவ்' நிலையம் தொடங்கியதிலிருந்து இந்த இசைக்கு ஊர் ஊராக ரேடியோ கிடைத்தது, நல்லதுதான். ஆனால் கூடவே ஆலோசகர்களும் வந்தார்கள். ஆட்களை உட்கார வைத்து, கையில் ஒரு குமிழைக் கொடுத்து, பிடித்தால் ஏற்று, பிடிக்காவிட்டால் இறக்கு என்று ஒவ்வொரு ட்ராக்கையும் சோதித்தார்கள். நீளமான சோலோ வந்தால் குமிழ் இறங்கும். அதனால் நாலு நிமிஷம், எடுத்ததும் மெட்டு, எல்லோருக்கும் தெரிந்த பழைய ஆர் அண்ட் பி பாட்டு ஒன்று, முடிவில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்துவது என்று ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. அந்த வார்ப்புக்குள் கூட வாசிப்பவருக்கு இடமே இல்லை, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் அந்த ரேடியோவும் போய்விட்டது. நியூயார்க்கின் சிடி 101.9 நிலையம் 2008இல், சிகாகோவின் டபிள்யூஎன்யூஏ நிலையம் 2009இல். அந்த நிலையங்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும், பலர் இன்னும் அந்தக் குமிழுக்காகவே பதிவு செய்கிறீர்கள்.

இப்போது ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. யூட்யூபில் மழை பெய்யும் ஜன்னல், காபிக் கோப்பை என்று படம் போட்டு மணிக்கணக்கில் ஓடும் பின்னணி ஜாஸ் வீடியோக்கள் எத்தனை இருக்கின்றன! அதில் சாக்ஸபோன் மாதிரி ஒன்று கேட்கும், வாசித்தவர் யாரும் கிடையாது. இசை ஸ்ட்ரீமிங் நிறுவனமான டீசர் 2025 ஏப்ரலில் சொன்ன கணக்குப்படி, தினமும் தன்னிடம் வந்து சேரும் புதிய ட்ராக்குகளில் ஏறக்குறைய 18 சதவீதம், அதாவது 20,000க்கும் மேல், முழுக்க ஏஐ உருவாக்கியவை. இந்த வெள்ளத்தில் முதலில் மூழ்கப்போவது மென்மையான, வார்த்தை இல்லாத, பின்னணியில் ஓடத் தோதான இசை, அதாவது உங்களுடையது. ப்ரோகிராம் செய்த ட்ரம்ஸ், ஒரே ஒரு பெயர், ஓர் அழகான படம் என்று உங்கள் ஆல்பமும் வந்தால், வேலை செய்துகொண்டே ப்ளேலிஸ்ட் கேட்கிறவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? இங்கே வாசித்தவர்கள் மனிதர்கள் என்று காட்ட, பெயர்ப் பட்டியலைவிட நேரடியான சாட்சி உங்களிடம் என்ன இருக்கிறது?

2021இல் கென்னி ஜி, 1991இலேயே இறந்துபோன சாக்ஸ் மேதை ஸ்டான் கெட்ஸின் பழைய பதிவுகளிலிருந்து சுரங்களைப் பொறுக்கிக் கோத்து, அவர் வாசிக்காத ஒரு மெட்டை அவர் ஒலியில் வாசிக்க வைத்தார். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆனாலும் ஸ்டான் கெட்ஸ் என்று மொட்டையாகப் போடாமல் 'ஸ்டான் கெட்ஸின் ஒலி' என்று ட்ராக்கின் பெயரிலேயே சொன்னார், அந்த நேர்மையை மதிக்கிறேன். ப்ரோகிராமிங்கும் அப்படித்தான், அது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. கீபோர்ட் கலைஞர் பால் ஹார்ட்காஸ்ட்ல் தன் இசையையே மிஷினில்தான் கட்டினார், அந்தக் குளிர்ச்சி அவருக்கு அழகு. தொண்ணூறுகளின் சிடிக்களில் 'ட்ரம் ப்ரோகிராமிங்' என்று போட்டுப் பக்கத்தில் பெயரும் இருக்கும். ஆள் வாசித்தால் ஆளின் பெயர், மிஷின் என்றால் அதை இயக்கியவர் பெயர், அவ்வளவுதான் வேண்டும்.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சாட்டிலைட் ரேடியோ, இன்டர்நெட் ரேடியோ மாதிரியான இடங்களில் ஒரு பதிவு ஒலிபரப்பானால் அதை வசூலித்துப் பிரிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு மூலம் வரும் ராயல்டியில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முன்னணிக் கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் கூட வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும். அந்த 5 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்கவென்றே தனியாக ஒரு நிதி இருக்கிறது. யார் வாசித்தார் என்று எங்கேயும் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பணம் யாரைத் தேடிப் போகும்? செஷனுக்கு ஒரு தடவை சம்பளம் வாங்கிக்கொண்டு போன ட்ரம்மருக்கு அதற்குப் பிறகு வரக்கூடிய காசு, நீங்கள் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

சரியாகச் செய்தவர்களும் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். 2021இல் டேவ் கோஸ் கிட்டார் கலைஞர் கோரி வாங்குடன் சேர்ந்து 'தி கோல்டன் ஹவர்' போட்டார், பேண்டோடு ஸ்டுடியோவில் நேரடியாக வாசித்துப் பதிவு செய்தது. கேட்டுப் பாருங்கள், ஊதுவாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிவிடுவது காதில் விழுகிறது, டேவ் கோஸ் தன் தனி ஆல்பங்களில் காட்டாத ஒரு துள்ளல் அதில் வருகிறது. 2025இல் அவரே பாப் ஜேம்ஸுடன் 'ஜஸ்ட் அஸ்' போட்டார், பியானோவும் சாக்ஸும் மட்டும்தான். எண்பது வயதைக் கடந்த பாப் ஜேம்ஸ் இடம் விட்டு வாசிப்பதும் அந்த இடத்தை நிரப்ப அவசரப்படாமல் கோஸ் காத்திருப்பதும், இதை எந்த லூப் செய்யும்? ஜெஃப் லோர்பர் ஃப்யூஷனின் 'ப்ரோட்டோடைப்' 2018இல் கிராமி வாங்கியது. அதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் பேஸ் ஜிம்மி ஹாஸ்லிப்பின் பெயரும் ட்ரம்ஸ் கேரி நோவக்கின் பெயரும் சேர்ந்தே வரும்.

மேடையில் நீங்கள் எல்லோருமே இதைச் செய்கிறீர்கள். கப்பல் பயணக் கச்சேரிகளிலும் ஜாஸ் விழாக்களிலும் எடுத்த வீடியோக்களைப் பார்க்கிறேன், அதே நாலு நிமிஷ ட்ராக் பத்து நிமிஷம் போகிறது, பேஸ்காரர் முன்னால் வருகிறார், ட்ரம்மருக்கு இடம் கொடுக்கிறீர்கள், ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லிக் கைதட்டச் சொல்கிறீர்கள். கூட்டம் எழுந்து நிற்பது அப்போதுதான். ரெக்கார்டிங்கில் மட்டும் ஏன் அவர்கள் காணாமல் போக வேண்டும்?

செலவு எனக்குப் புரிகிறது. ஸ்ட்ரீமிங்கில் வருவது சொற்பம், நாலு பேரை ஸ்டுடியோவுக்கு வரவழைப்பது சின்ன விஷயம் இல்லை. பத்து ட்ராக்கிலும் வேண்டாம், ஆல்பத்துக்கு இரண்டு ட்ராக்காவது எல்லோரும் ஒரே அறையில் வாசித்ததாக இருக்கட்டும். பெயர் போடுவதற்கோ காசே வேண்டாம். ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு ஆல்பத்தை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் வாசித்தவர், வாத்தியம் என்று எழுத இடம் இருந்தால் அதை வெற்றாக விடாதீர்கள். அதையே உங்கள் வெப்சைட்டில் ஒரு பக்கத்திலும், யூட்யூபில் வீடியோவுக்குக் கீழேயும் ஒட்டுங்கள். ஏற்கெனவே வெளிவந்த ஆல்பங்களுக்கும் இப்படிச் செய்யலாம், எந்த செஷனில் யார் இருந்தார்கள் என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும், இல்லாவிட்டால் ஸ்டுடியோவில் கேளுங்கள். கம்பெனிகளும் கலைஞர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், பட்டியல் வராமல் ஆல்பத்தை வெளியிட மாட்டோம் என்று சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்