நோயைத் தவிர்ப்பதும் மதிப்பெண் பார்த்துப் பிள்ளை பெறுவதும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை எப்படிப் பிறக்க வேண்டும் என்று கருவிலேயே தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நானும் ஒரு கருவைத் தேர்ந்தெடுத்துப் பெற்றவள்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மூத்தவனுக்கு பீட்டா தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அப்படி ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற, ராத்திரி வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி செருகி ஒரு சின்ன பம்ப்பை மாட்டிவிட்டுத்தான் தூங்க வைப்போம். "இந்தப் பக்கம் வேண்டாம்மா, நேத்து குத்தின இடம் இன்னும் வலிக்குது" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவான், ஐந்து வயதில். நானும் கணவரும் கேரியர்கள், அதாவது எங்களுக்கு நோய் இல்லாமலே அந்தக் கோளாறான மரபணுவைச் சுமப்பவர்கள். அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த குழந்தைக்கு ஐ.வி.எஃப். செய்து, அதாவது உடம்புக்கு வெளியே கருக்களை உருவாக்கி, கருக்களைச் சோதித்து, நோயில்லாத ஒன்றை வைத்துக்கொண்டோம். 1990-ல் லண்டனில் இந்தச் சோதனையை முதலில் செய்ததும் ஆண் பிள்ளைகளைத் தாக்கும் பரம்பரை நோய்களைத் தவிர்க்கத்தான். இதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

கட்டுரையாளரோ இதையும் உயரத்துக்கும் அறிவுக்கும் கரு தேர்வதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார். என் மகனுடைய நோய் ஒரே ஒரு மரபணுவில் வரும் கோளாறு. உயரத்தோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகளோ 12,000-க்கும் மேல் என்று 54 லட்சம் பேரை வைத்துச் செய்த 2022 ஆய்வு சொல்கிறது. 2019-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தார் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: இப்படிப்பட்ட மரபணு வேறுபாடுகளைக் கூட்டி ஒவ்வொரு கருவுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, பத்துக் கருவில் அது அதிகமுள்ளதைப் பொறுக்கினாலும் அந்தக் கருக்களின் சராசரியைவிட உயரத்தில் 2.5 செ.மீ., ஐ.க்யூ.வில் 2.5 புள்ளி, அவ்வளவுதான் கூடுமாம். பிள்ளைகள் நிறையப் பிறந்து வளர்ந்த 28 குடும்பங்களிலும் பார்த்தார்கள், மதிப்பெண்ணில் முதலில் நின்ற பிள்ளையே நிஜத்திலும் உயரமானதாக இருந்தது ஏழே குடும்பங்களில்.

சரி, நாளைக்குக் கணிப்பு துல்லியமாகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் எனக்கு இன்னும் பயம். இளையவளிடம் நாங்கள் எதிர்பார்த்தது ஊசியில்லாமல் தூங்க வேண்டும் என்பது ஒன்றைத்தான், அதைப் பிறந்த அன்றே கொடுத்துவிட்டாள். கணக்கில் கெட்டிக்காரியாக வருவாள் என்று பணம் கட்டிப் பெற்ற பிள்ளை கணக்கில் தோற்று வந்து நிற்கிற அன்றைக்கு அந்த அம்மா என்ன முகத்தோடு அவளைப் பார்ப்பாள்? பாட்டு வகுப்புக்கு அனுப்புவது போலத்தான் இதுவும் என்கிறார் கட்டுரையாளர். என் மகள் மூன்றே மாதத்தில் அழுது அடம்பிடித்துப் பாட்டை விட்டாள், நாங்களும் போகட்டும் என்று விட்டோம். குரல் வளத்துக்காகவே அவளைத் தேர்ந்தெடுத்திருந்தால் விட்டிருப்போமா? என்னை எனக்குத் தெரியும், விட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் இன்னொன்று. மூத்தவன் வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டான், "என்னையும் அப்பவே சோதிச்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களாம்மா?" நோயைத்தான் வேண்டாம் என்றோம், உன்னை இல்லை என்றேன். அது அவனுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இத்தனை வலியைக் கண்ணால் பார்த்து எடுத்த முடிவுக்கே என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டரை சென்டிமீட்டருக்காகத் தேர்ந்தெடுக்கிறவர்கள், தேர்ந்தெடுக்கப்படாமல் முன்னாலேயே பிறந்துவிட்ட பிள்ளை வந்து கேட்டால் என்ன சொல்வார்கள் என்று கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி