364 நாள் இறைச்சிந்தனைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள அருள்தந்தை அவர்களுக்கும், அருள்சகோதரிகளுக்கும், உபதேசியார் ஐயாவுக்கும், பிழை பார்த்தும் குரல் கொடுத்தும் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தும் உதவிய எல்லாருக்கும்,

2024 டிசம்பர் 1, திருவருகைக்கால முதல் ஞாயிறன்று தொடங்கி, அன்றைய நற்செய்தியையும் ஒரு புனிதரின் வாழ்வையும் வைத்து எழுதிக் கைப்பேசியில் அனுப்பிவந்த அன்றாட இறைச்சிந்தனை, 2025 நவம்பர் 29 சனிக்கிழமையோடு ஒரு வழிபாட்டு ஆண்டை நிறைவு செய்கிறது. 52 வாரம், 364 சிந்தனை. இரவில் செய்யும் ஆன்ம ஆய்வுக்குப் புனித இஞ்ஞாசியார் வகுத்துத் தந்த ஐந்து படிகளில் முதலாவது, இறைவனுக்கு நன்றி சொல்வது. குற்றங்குறைகளைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆண்டுக் கணக்கையும் அந்த வரிசையிலேயே தொடங்குகிறோம்.

தந்தையே, நாள்காட்டியை மாதாமாதம் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தீர்கள். சிந்தனை எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். 2025இல் பொதுக்காலம் (திருவருகைக்காலம், தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்களில் சேராத வாரங்கள்) எட்டாம் வாரச் செவ்வாயோடு நின்று, மறுநாள் மார்ச் 5 திருநீற்றுப் புதன். பெந்தக்கோஸ்து முடிந்து ஜூன் 9 அன்று பொதுக்காலம் மீண்டும் தொடங்கியபோது அது பத்தாம் வாரம். ஒன்பதாம் வாரமே கிடையாது. கிறிஸ்து அரசர் பெருவிழா பொதுக்காலத்தின் கடைசி ஞாயிறாக, 34ஆம் ஞாயிறாக அமைய வேண்டும் என்பதால், கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வாரத்தைப் பிடிக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து எண்ணினால் திருவருகைக்காலம் வரை ஒவ்வொரு நாளும் ஒரு வாரம் பிசகும். கோவிலில் ஒரு நற்செய்தி, கைப்பேசியில் வேறொரு நற்செய்தி என்று ஆகிவிடும்.

புனிதர்களின் நினைவு நாள்களிலும் இதே சிக்கல் உண்டு. பெரும்பாலான நினைவுகளில் வார நாள் வாசகங்களே தொடரும். ஆனால் ஜூலை 29, மார்த்தா, மரியா, லாசர் நினைவுக்குத் தனி நற்செய்தி. ஆகஸ்ட் 29, திருமுழுக்கு யோவானின் பாடுகளுக்கும் அப்படியே. இவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்ததால்தான் தப்பினோம்.

உபதேசியார் ஐயா, ஒரு துணைக்காலுக்காக நீங்கள் பட்ட பாட்டை எல்லாரும் அறிய வேண்டும். திருவிவிலியத்தில் ‘திப’ என்றால் திருத்தூதர் பணிகள், ‘திபா’ என்றால் திருப்பாடல்கள். தட்டச்சில் ஒரு கால் கூடினால் வேறு நூலுக்குப் போய்விடும். பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியால் நிரப்பப்பட்டதைச் சொல்லும் திப 2:4, ‘திபா 2:4’ என்று போனால், தேடிப் படிப்பவருக்குக் கிடைப்பது விண்ணகத்தில் வீற்றிருப்பவர் மன்னர்களைப் பார்த்து நகைக்கும் வசனம். இரண்டும் உண்மையிலேயே இருக்கிற வசனங்கள் என்பதால் எண்ணை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இந்தப் பிழை படாது. புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துப் படித்தால்தான் பிடிபடும். நீங்கள் அப்படித்தான் படித்தீர்கள். புனித அகுஸ்தீனாரின் திருப்பாடல் விளக்கங்களை எடுத்தாளும்போது எண் மாறும் என்று முதலிலேயே எச்சரித்ததும் நீங்கள்தான். அவர் கையாண்டது பழைய இலத்தீன் வரிசை. ‘ஆண்டவரே என் ஆயர்’ நமக்கு 23, அவருக்கு 22. ‘கடவுளே எனக்கு இரங்கும்’ என்பது நமக்கு 51, அவருக்கு 50.

டீச்சர், உங்களுக்குத்தான் நாங்கள் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். புனிதர் சொன்னதாக வரும் ஒவ்வொரு வரிக்கும் ‘எந்த நூலில்?’ என்று கேட்டீர்கள். ‘உம் அமைதியின் கருவியாக என்னை ஆக்கும்’ என்ற செபத்தின் தலைப்பில் எழுதியிருந்த புனித பிரான்சிஸ் அசிசியார் பெயரை எடுத்துவிட்டு, செபத்தை மட்டும் வைத்தீர்கள். அது 1912இல் பாரிசில் வெளிவந்த சிறு பக்தி இதழொன்றில் ஆசிரியர் பெயரின்றி அச்சானது. அசிசியாரின் எழுத்துகளில் இல்லை. ‘கிறிஸ்துவுக்கு இன்று உம் கைகளைத் தவிர வேறு கைகள் இல்லை’ என்பதும் அவிலா தெரேசாவின் நூல்களில் கிடையாது. ‘மறைநூலை அறியாமை கிறிஸ்துவை அறியாமை’ என்பதைத் தயங்காமல் விட்டீர்கள். புனித எரோணிமுஸ் எசாயா நூலுக்கு எழுதிய உரையின் முன்னுரையில் உள்ளது அது. செபம் அழகாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. சொல்லாததைச் சொன்னதாகப் புனிதர் வாயில் போடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எங்கள் எழுத்து முறையையே மாற்றியது கார்மேல் மடத்துச் சகோதரிகள் சொன்ன ஒரு யோசனை: புனிதரின் வரலாற்றைத் தேடாதீர்கள், அவரைப் பிடித்து ஆட்கொண்ட வசனத்தைத் தேடுங்கள். வனத்து அந்தோணியாரைப் பிடித்தது மத்தேயு 19:21. அகுஸ்தீனாரை மிலான் தோட்டத்தில் பிடித்தது உரோமையர் 13:13-14. குழந்தை தெரேசா தம் அழைத்தல் அன்பே என்று கண்டுகொண்டது 1 கொரிந்தியர் 12, 13 அதிகாரங்களில். 2025இல் பொது நாள்காட்டியில் விருப்ப நினைவாகச் சேர்க்கப்பட்ட கொல்கத்தா அன்னைக்கு, சிலுவையில் ஒலித்த ‘தாகமாய் இருக்கிறது’. நம் மண்ணின் தேவசகாயத்துக்கு யோபு நூல்: துன்பத்தில் இருந்தவருக்குத் திருவிதாங்கூர்ப் படையில் இருந்த டச்சுக்காரர் டிலனாய் யோபின் கதையைச் சொன்னார், 1745இல் வடக்கன்குளத்தில் லாசர் என்ற பெயரோடு திருமுழுக்கு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் இரத்த சாட்சியம். அவர் பெயரைச் சாதிப் பின்னொட்டு இல்லாமல் எழுத வேண்டும் என்பதில் சகோதரிகள் உறுதியாக இருந்தார்கள். 2022 மே 15 அன்று திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்ததும் அந்தப் பின்னொட்டு இல்லாமல்தான்.

அதன்பிறகு ஒரு நாள் சிந்தனைக்கு எங்கள் அளவு இப்படி அமைந்தது. மொத்தம் 270 சொல். அன்றைய நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு சொல்லோ செயலோ. புனிதரின் வாழ்விலிருந்து ஒரே நிகழ்ச்சி, 60 சொல்லுக்குள். பிறகு ஒரு கேள்வி, இரண்டு வரி மன்றாட்டு, அன்று மாலைக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரு செயல். ‘பிறரை அன்பு செய்வோம்’ என்று முடித்தால் யாரும் எதையும் செய்யமாட்டார்கள். ‘பேசாமல் இருக்கும் உறவினர் ஒருவரை இன்று அழையுங்கள்’ என்றால் செய்வார்கள். புனிதர் கதை 60 சொல்லைத் தாண்டும்போதெல்லாம் நற்செய்தி இரண்டு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

குரல் கொடுத்த இளையோரே, மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்தபடி பதிவு செய்தீர்கள். பின்னணி இசையை எடுத்துவிடச் சொன்னபோது மனம் வருந்தினாலும் எடுத்தீர்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு இசை முதலில் விழுங்குவது மெய்யெழுத்துகளைத்தான். கேள்விக்குப் பிறகு 20 விநாடி மௌனம் விட்டீர்களே, அதைப் பழுது என்று நினைத்துப் பலர் அழைத்தார்கள். மறைநூலைச் செபமாக வாசிக்க 12ஆம் நூற்றாண்டுத் துறவி கீகோ சொன்ன நான்கு படிகளில், வாசிப்புக்கு அடுத்து வரும் தியானத்துக்கு இடம் கொடுத்ததே அந்த 20 விநாடிதான். இப்போது யாரும் அழைப்பதில்லை.

நற்கருணைப் பணியாளர்களே, கைப்பேசி இல்லாத நோயாளர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளை நற்கருணையோடு கொண்டுபோனீர்கள். படிக்க முடியாதவர்களுக்கு நீங்களே படித்தும் காட்டினீர்கள். அன்பியங்களுக்கும் (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்), தாள் வாங்கித் தந்த அன்பர்களுக்கும் நன்றி.

நவம்பர் 30 தொடங்கி ஞாயிறுகளில் மத்தேயு நற்செய்தி. முதல் நற்செய்தி மத் 24:37-44. வார நாள்களின் முதல் வாசகங்கள் ஈராண்டுச் சுழற்சியில் வருவன; அதில் இரண்டாம் ஆண்டு வரிசை பொதுக்காலத்துக்கு மட்டுமே என்பதால், அந்த மாற்றம் 2026 ஜனவரி 12 திங்களன்று 1 சாமுவேலோடுதான் வரும். டிசம்பர் மாதச் சிந்தனையின் அச்சுப் படிகள் உபதேசியார் ஐயா வீட்டில் இருக்கின்றன. சிவப்பு மைப் பேனாவும் அங்கேயே இருக்கிறது.

கிறிஸ்துவில் என்றும் நன்றியுடன்,
பங்கு விவிலியப் பணிக்குழுவினர்